ராமன் பிறந்த ஊரில் ஒலியைக் கண்ணால் பார்க்க ஓர் இடம்: திருச்சி மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திருச்சிராப்பள்ளி மாநகராட்சி மேயர், துணை மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் உறையூரில் குடியிருக்கிறேன். 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இந்த மடல். நம் ஊரில், காசு கொடுக்காமல் யாரும் நுழையக்கூடிய ஒரு பொது இடத்தில், ஒலியைக் கண்ணால் பார்க்கும் ஒரு கலை அமைப்பை நிறுவுங்கள். தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிற சிலை மாதிரி வேண்டாம். வருகிறவர் தன் குரலாலோ கையாலோ ஓர் ஒலியை எழுப்ப வேண்டும். அந்த ஒலி அவர் கண்ணெதிரே ஓர் உருவமாக வந்து நிற்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்று சொல்ல என் தம்பியிடமிருந்து தொடங்க வேண்டும்.

தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. சின்ன வயதில் கோயில் திருவிழா என்றால் தவில்காரருக்குப் பக்கத்திலேயே போய் நிற்பான். நெஞ்சில் கையை வைத்துக்கொள்வான். தவில் அவனுக்கு அங்கேதான் கேட்டது. வாய் திறந்து பேச முயன்றால் தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். பத்து வயதுக்குள் குரல் கொடுப்பதையே நிறுத்திவிட்டான். பிறகு காது கேளாதோர் பள்ளிக்குப் போனான், சைகை மொழி படித்தான், தையல் கற்றுக்கொண்டான். கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் நடந்தன. குரல் மட்டும் திரும்ப வரவே இல்லை.

2005 வாக்கில் ஒலிப் பாடம் நடத்துவதற்காக ஒரு சின்னப் பொருள் செய்தேன். காலியான பவுடர் டப்பாவின் இரண்டு பக்கத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, ஒரு பக்கத்தில் பலூன் தோலை இழுத்துக் கட்டினேன். அந்தத் தோலில், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, நகம் அளவு கண்ணாடிச் சில்லை ஒட்டினேன். லேசர் பேனாவின் ஒளி அந்தச் சில்லில் பட்டு எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளியாக விழும். திறந்த பக்கத்தில் பேசினால் பலூன் அதிரும், சில்லு ஆடும், சுவரில் புள்ளி ஓடும். அது ஓடுகிற வேகத்தில் நம் கண்ணுக்குப் புள்ளி தெரியாது, கோடுதான் தெரியும். ‘ஆ’ என்று இழுத்தால் ஒரு வளையம். ‘ஈ’ என்றால் அதே வளையம் முறுக்கிக்கொண்டு வேறொன்றாகிவிடும்.

வீட்டில் இரவு அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான். டப்பாவைக் கையில் வாங்கினான். எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தான். அப்புறம் டப்பாவுக்குள் ஒரு குரல் கொடுத்தான். கால் நூற்றாண்டுக்கு மேலாக வீட்டில் யாரும் கேட்டிராத குரல். சுவரில் ஒரு வளையம் விரிந்தது. நிறுத்தினான், புள்ளியானது. மறுபடி கொடுத்தான், விரிந்தது. என் வாயருகே டப்பாவை நீட்டி என்னைச் சொல்லச் சொன்னான். என்னுடைய வளையத்தையும் தன்னுடைய வளையத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு சைகையில் கேட்டான்: “இதில் எது தப்பு?”

எதுவும் தப்பில்லை என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்றிரவு பதினொரு மணிவரை அவன் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தான். அம்மா அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு பவுடர் டப்பா செய்த வேலை இது. இதை ஒரு நகரம் செய்தால் எப்படி இருக்கும் என்பதுதான் 20 ஆண்டுகளாக என் மனதில் இருக்கிற கேள்வி.

ஒலிக்கு உருவம் உண்டு என்பது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமல்ல. 1680-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் கண்ணாடித் தகட்டில் மாவைத் தூவி, அதன் விளிம்பில் வில்லை இழுத்து, மாவு ஒழுங்காக வரிசைகட்டுவதைப் பார்த்தார். நூறாண்டு கழித்து ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் கிளாட்னி உலோகத் தகட்டில் மணலை வைத்து அதையே முறையாகச் செய்து, 1787-இல் படங்களோடு வெளியிட்டார். தகடு முழுவதும் ஒரே மாதிரி அதிர்வதில்லை. சில இடங்கள் துள்ளும், சில கோடுகள் அசையாமல் நிற்கும். துள்ளுகிற இடத்து மணல் உதறப்பட்டு, அசையாத கோட்டில் வந்து ஒதுங்கும். பள்ளிப் பாடத்தில் கணு என்று சொல்கிறோமே, அந்தக் கணுக்களைத்தான் மணல் கோடு போட்டுக் காட்டுகிறது. சுருதி மாறினால் கோலமும் மாறும்.

கிளாட்னி அந்தத் தகடுகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஐரோப்பாவின் நகரங்களில் கூட்டத்தின் நடுவில் செய்து காட்டினார். நெப்போலியனுக்கு முன்னாலும் செய்து காட்டினார். அந்தக் கோலங்களுக்குக் கணிதம் சொல்பவருக்குப் பரிசு என்று பாரிஸில் அறிவித்தார்கள். பெண் என்பதால் கல்விக்கூடத்துக்குள்ளேயே சேர்க்கப்படாத சோஃபி ஜெர்மைன் மூன்று முறை முயன்று 1816-இல் அந்தப் பரிசைப் பெற்றார். கண்ணால் பார்த்த ஒரு கைப்பிடி மணல் இத்தனை தூரம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

எனக்கு இவர்களைவிட நெருக்கமானவர் வேல்ஸ் நாட்டுப் பாடகி மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ். அவர் விஞ்ஞானி இல்லை. 1885-இல் தன் குரலின் வலுவை அளக்க ஒரு கருவி செய்துகொண்டார். ஒரு குழாய், அதன் மேல்வாயில் இழுத்துக் கட்டிய தோல், தோலின்மேல் மணல், அவ்வளவுதான். குழாயில் பாடியபோது மணல் வடிவங்கள் கட்டுவதைப் பார்த்து, பிறகு மணலுக்குப் பதில் வண்ணக் குழம்பைப் பூசிப் பாடினார். டெய்சிப் பூ மாதிரியும் பெரணி இலை மாதிரியும் உருவங்கள் வந்தன. கண்ணாடியில் பதிந்த அவருடைய குரலோவியங்கள் மெர்தர் டிட்ஃபில் ஊர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அவர் பாடிய பாட்டு நமக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம். அந்தப் பாட்டின் ஒரு மூச்சு கண்ணாடியில் தங்கியிருக்கிறது. என் தம்பி அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, அவரும் காது கேளாதவரா என்று கேட்டான்.

சரி, இதெல்லாம் ஐரோப்பா. திருச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன்.

1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்தவர் சந்திரசேகர வெங்கட ராமன். 1930-இல் நோபல் பரிசு வாங்கியவர் என்று எல்லாருக்கும் தெரியும். ஒளி, நிறமாலை, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், அதுவும் தெரியும். ஆனால் ஒளிக்கு முன்னால் அவரைப் பிடித்து வைத்திருந்தது ஒலிதான் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1907-இல் கல்கத்தாவில் அரசு நிதித் துறை வேலைக்குப் போனவர், அலுவலக நேரத்துக்கு வெளியே ஓர் ஆய்வுச் சங்கத்தின் கூடத்தில் போய் உட்கார்ந்து நரம்புகளையும் வயலினையும் ஆராய்ந்தார். வீணையையும் தம்புராவையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் நரம்புகளைத் தாங்கும் குதிரை ஏன் அப்படி வளைந்திருக்கிறது, அதனால் நாதம் எப்படிச் செழிக்கிறது என்று எழுதினார். மிருதங்கத்தையும் அவர் விடவில்லை.

சாதாரணப் பறைத் தோலைத் தட்டினால் அடிப்படை ஒலியோடு கூடவே எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று சேர்வதில்லை. அடிப்படை அதிர்வெண்ணை 1 என்று வைத்தால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாமல் போகும். அதனால்தான் வெறும் தோலில் தாளம் கேட்கும், சுருதி நிற்காது. மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல், அப்படியல்ல. நடுவில் கறுப்பாக இருக்கிற கரணை எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. தோலின் ஒன்பது விதமான அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்று முழு மடங்காகப் போகும் ஐந்தே சுரங்களுக்குள், அதாவது சீரிசைகளுக்குள், வந்து அடங்கிவிடுகின்றன. நரம்புக் கருவிகளுக்கு இயல்பாக வரும் ஒழுங்கை ஒரு தோல் கருவியில் நம் முன்னோர் கையாலும் காதாலும் செய்து வைத்திருக்கிறார்கள். ராமன், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து இதை 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934-இல் விரிவாக மறுபடி எழுதினார்.

அதை அவர் நிரூபித்த விதத்தைக் கேளுங்கள். தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவினார். தட்டினார். மணல் ஒதுங்கிய கோடுகளைப் படமெடுத்தார்.

மிருதங்கத்தில் ‘நம்’ என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் தோலில் மெதுவாக ஊன்றியிருக்கும், ஆள்காட்டி விரல் விளிம்பில் தட்டும். ஊன்றிய விரல் இருக்கும் இடம் அசைய முடியாது. ஆகவே அசையாத கோடு அந்த இடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். மணல் வட்டத்தின் குறுக்கே ஒரே நேர்கோடாக நிற்கிறது: இரண்டாவது சீரிசை. மூன்றாவதற்குக் குறுக்குவெட்டாக இரண்டு கோடுகள் வரும், அல்லது உள்ளே ஒரு வட்டம் வரும். பார்வைக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு உருவங்கள், காதுக்கு ஒரே சுரம். கரணையின் வேலை இதுதான். வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். வரைந்து காட்டுவதும் மணல் தானாகப் போய் நிற்பதைப் பார்ப்பதும் ஒன்றல்ல. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவனுக்கு அது தெரியும்.

ஆக, ஒலியை மணலில் கண்டவர் நம் ஊரில் பிறந்தவர். கண்ட கருவி நம் காவிரிக் கரையில் செழித்த கருவி. உலகில் வேறெந்த நகரமும் இந்த அமைப்பைத் தன்னுடையது என்று இவ்வளவு உரிமையோடு சொல்லிக்கொள்ள முடியாது. ராமனுக்கு இன்னொரு மார்பளவுச் சிலை வைப்பதைவிட, அவர் தூவிய மணலை நம் பிள்ளைகள் கையால் தூவ வைப்பது அவருக்குச் செய்கிற நியாயமான மரியாதை என்று நினைக்கிறேன்.

ஒரு பயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஒலியும் ஒளியும்’ என்றவுடன் ஒப்பந்தக்காரர் மனதில் வருவது பாட்டுக்கு ஆடும் நீரூற்றும் நிறம் மாறும் விளக்கும்தான். பதிவு செய்த பாட்டு ஓடும், தண்ணீர் எழும்பும், கூட்டம் செல்போனில் படமெடுக்கும். அது வேடிக்கை. அதில் மக்களின் குரலுக்கு இடம் இல்லை. நான் கேட்பது அதுவல்ல.

வேறோர் ஊரின் பூங்காவில் கைதட்டினால் எரியும் விளக்குத் தூண்கள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தம்பியை அழைத்துக்கொண்டு போனேன். நல்ல கூட்டம். எல்லாரும் தட்டினார்கள், விளக்குகள் எரிந்தன, எல்லாருக்கும் சந்தோஷம். தம்பி ஒரு தூணின் முன் நின்று குரல் கொடுத்தான். நிறுத்தினான். மறுபடி கொடுத்தான். ஒரு நிமிடம் கழித்து என்னிடம் திரும்பிச் சொன்னான்: “இது பொய். தானாக எரிகிறது.” ஒலிவாங்கி எப்போதோ பழுதாகி, விளக்குகளை நேரம் வைத்து எரிய விட்டிருந்தார்கள். காது கேட்கிற நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்குத் தன் குரலைப் பார்க்க அது ஒன்றுதான் வழி என்பதால் உடனே பிடிபட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஒன்றும் பேசவில்லை, கையாலும் பேசவில்லை.

எனவே அமைப்பு நேர்மையாக இருக்க வேண்டும். உருவம் அந்த ஒலியிலிருந்தே பிறக்க வேண்டும். கணினியில் முன்பே வரைந்து வைத்த பூவை, சத்தம் கேட்டவுடன் திரையில் காட்டுவது வேறு. குரல் தோலை அசைத்து, தோல் மணலை அசைத்து, மணல் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்வது வேறு. இரண்டாவதில் பொய் சொல்ல இடமில்லை. மணல் யாருக்காகவும் கூடுதலாக ஒரு கோடு போடாது.

விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. விளக்கை வைத்தும் பெரிய காரியம் செய்திருக்கிறார்கள். 1968 அக்டோபர் 2 அன்று மெக்சிகோ நகரத்தின் ட்லடெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்களை அரசுப் படைகள் சுட்டுக் கொன்றன. அதன் 40-ஆம் ஆண்டில், 2008-இல், ரஃபேல் லொசானோ-ஹெம்மர் என்ற கலைஞர் அதே சதுக்கத்தில் ஓர் ஒலிபெருக்கிக் குழலை வைத்தார். யார் வேண்டுமானாலும் வந்து எது வேண்டுமானாலும் பேசலாம், தணிக்கை இல்லை. பேசுகிற குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஒரு பெரிய தேடுவிளக்கு மின்னி மின்னி வானத்தில் பாயும். குரல் ஓங்கினால் ஒளி ஓங்கும், மௌனமானால் இருட்டு. எதிர்க்கட்டடத்தின் உச்சியிலிருந்து இன்னும் மூன்று விளக்குகள் அதை நகரத்தின் மேல் வீசின. தூரத்து வீட்டு மாடியில் நின்றவர் பல்கலைக்கழக வானொலியைத் திருப்பி, அந்த மின்னலுக்குரிய பேச்சைக் கேட்டுக்கொள்ளலாம். தப்பிப் பிழைத்தவர்கள் வந்து பேசினார்கள். அதில் ஒலியின் உருவம் மிக எளியது, வெளிச்சம் கூடிக் குறைவது மட்டும்தான். ஆனால் யார் குரலுக்காக அந்த வெளிச்சம் எரிந்தது என்பதில் அதன் கனம் இருக்கிறது.

அதே கலைஞர் 2013 ஆகஸ்டில் நியூயார்க்கின் பார்க் அவென்யூ சுரங்கச் சாலையில் 300 விளக்குகளை வளைவு வளைவாக வைத்தார். கார்கள் மட்டுமே போகும் சுரங்கம் சில சனிக்கிழமைகளில் நடப்பவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நடுவில் நின்று ஒருவர் பேசினால் அவர் குரல் ஒளியாகி விளக்குக்கு விளக்கு நகர்ந்து வெளிவாசலை நோக்கிப் போகும். பிறகு பேசுகிறவர்களின் குரல்கள் முன்பு பேசியவர்களின் குரல்களைத் தள்ளிக்கொண்டே போகும். ஒரு போக்குவரத்துத் துறை அதற்காகச் சாலையை விட்டுக்கொடுத்தது. நகர நிர்வாகம் நினைத்தால் நடக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் ஊருக்கு அத்தனை பெரிய விளக்குகள் தேவையில்லை. நான் மனதில் வைத்திருப்பதைச் சொல்கிறேன்; உங்கள் பொறியாளர்கள் இதைவிட நன்றாகவே செய்வார்கள்.

முதலில் ஒரு குரல் மேடை. நாதஸ்வரத்தின் அணைசு மாதிரி விரிந்த பித்தளை வாய், மூன்று உயரங்களில்: நிற்பவருக்கு ஒன்று, சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஒன்று, சின்னப் பிள்ளைக்கு ஒன்று. அதற்குள் பேசுகிற, பாடுகிற, கத்துகிற குரல் குழாய் வழியாகப் போய், கண்ணாடி மூடிக்குள் இருக்கும் ஒரு தோலை அசைக்கும். தோல்மேல் மணல். வாட்ஸ் ஹியூஸ் செய்ததேதான். இதற்கு மின்சாரமே வேண்டாம், எனவே மின்தடையில் சாகாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒரே தோலில் பேசும்படியும் ஒன்று வையுங்கள். ஒருவர் குரலும் இன்னொருவர் குரலும் கலக்கும்போது மணல் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ராமனின் மேடை. பெரிய வட்டத் தோல்கள் இரண்டு, பக்கம் பக்கமாக. ஒன்று வெறும் தோல், இன்னொன்றில் கரணை. இரண்டிலும் மணல் தூவி, இரண்டையும் தட்டிப் பார்க்கலாம். வித்தியாசத்தைக் காது கேட்கிறவர் காதாலும் கண்ணாலும் அறிவார்; காது கேளாதவர் கண்ணாலும், தோலின் வளையத்தைப் பிடித்திருக்கும் விரலாலும் அறிவார். தரையில் ஒரு மரப்பலகையை இந்தத் தோல்களோடு இணைத்துவிட்டால் வெறுங்காலோடு நிற்பவரின் எலும்புவரை அது போகும். தம்பி சிறுவயதில் நெஞ்சில் கை வைத்துத் தேடியது அதைத்தான்.

இருட்டிய பிறகு ஒரு சுவர் வேண்டும். என் பவுடர் டப்பாவின் பெரிய அண்ணன் மாதிரி, குரல் வளையங்கள் ஓடும் சுண்ணாம்புச் சுவர். லேசர் ஒளி யார் கண்ணிலும் நேராகப் படாத உயரத்திலும் திசையிலும் அதை அமைக்க வேண்டும். இதில் கொஞ்சமும் அசட்டை கூடாது. எரிவாயுக் குழாயில் நெருப்பு நடனமாடும் சோதனை ஒன்று உண்டு, 1905-இல் ஹைன்ரிக் ரூபென்ஸ் செய்தது. அழகானது. ஆனால் பொது இடத்துக்கு அது ஆகாது. யாராவது ஆலோசனை சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

இடத்தை நீங்களே முடிவு செய்யுங்கள். என் விருப்பம் திருவானைக்காவல் அல்லது ஸ்ரீரங்கம் பக்கம், காவிரியை ஒட்டி, மாலையில் குடும்பத்தோடு மக்கள் நடக்கிற இடம். சத்திரம் பேருந்து நிலையம் மாதிரியான இடம் வேண்டாம். ஏர் ஹாரனே மணலை எல்லாம் கலைத்துவிடும், ஒருவர் குரலுக்கு இடமிருக்காது. அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்தின் ஆசிரியர்களையும் நம் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளையும் கூப்பிட்டுப் பேசினால் ஓடி வருவார்கள். ஆனால் அமைப்பை ஒரு வளாகத்துக்குள், சீட்டு வாங்கிப் போகிற இடத்தில் பூட்டிவிடாதீர்கள். அறிவியல் மையத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் எப்படியும் போவார்கள். பூக்கட்டி விற்கிற அம்மாவும், ஆட்டோ ஓட்டுகிற தம்பியும், வேலை முடிந்து போகிற தூய்மைப் பணியாளரும் போகிற வழியில் நின்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போகிற இடமாக அது இருக்க வேண்டும்.

பராமரிப்பைப் பற்றி ஓர் ஆசிரியரின் அனுபவத்தில் சொல்கிறேன். ஆய்வகத்தில் எந்தக் கருவியும் வாங்கிய அன்று கெட்டுப்போவதில்லை. யார் பொறுப்பு என்று எழுதி வைக்காத அன்று கெட்டுப்போகிறது. ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் மணல் கட்டிதட்டும், கோலம் வராது. ஈரத்தில் தோல் தளரும், வெயிலில் இறுகும். வாரம் ஒருமுறை மணலை மாற்ற வேண்டும், மாதம் ஒருமுறை தோலைப் பார்க்க வேண்டும். கண்ணாடி மூடி தூசியையும் ஈரத்தையும் தடுக்கும், அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சத்தம் போகாமலும் குறைக்கும். மணலுக்கு டெண்டர் விட வேண்டாம். சலித்துக் காய வைத்த ஒரு படி மணல் பல மாதங்களுக்குப் போதும். நம் ஆற்றிலிருந்து லாரி லாரியாகப் போன மணலில் ஒரு படி நம் பிள்ளைகள் பார்ப்பதற்காகத் திரும்பி வரட்டும்.

அந்தப் பராமரிப்பு வேலையை மிருதங்கம் செய்கிற கைவினைஞர்களிடம் கொடுங்கள். இதை அழுத்திக் கேட்கிறேன். சோறும் கிட்டான் கல் பொடியும் பிசைந்து, பூச்சுக்குமேல் பூச்சாகத் தேய்த்துத் தேய்த்து, காதை வைத்துக் கேட்டுக் கேட்டுக் கரணை போடுகிறவர்கள் அவர்கள். ராமன் மணலில் கண்டதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். தோல் வேலை என்பதால் சமூகம் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. வாசித்தவர் பெயர் மேடையேறியது, செய்தவர் பெயர் ஏறவில்லை. இந்த அமைப்பை வடிவமைக்கும் முதல் கூட்டத்திலேயே அவர்கள் உட்கார வேண்டும். கல்வெட்டில் ராமனின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கரணை போட்டவரின் பெயர் இருக்க வேண்டும். மாதச் சம்பளமும் இருக்க வேண்டும்.

அதேபோலக் காது கேளாதோரைத் திறப்பு விழா அன்று முன்வரிசையில் உட்கார வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மாதிரி தயாராகும்போதே அவர்களைக் கூப்பிட்டுச் சோதித்துப் பாருங்கள். எது பொய், எது மெய் என்று அவர்கள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். விளக்கப் பலகை தமிழில் இருக்கட்டும், கூடவே சைகை மொழியில் விளக்கும் ஒரு காணொளியும் ஓடட்டும். இது சலுகை கேட்பதல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 29-ஆவது பிரிவு, கலை மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி செய்ய வேண்டிய பொறுப்பை அரசுகளின் மேல் மட்டுமல்ல, உள்ளாட்சி அமைப்புகளின் மேலும் வைக்கிறது. அதாவது உங்கள் மேல்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நான் தொகை எதுவும் சொல்லப்போவதில்லை, மதிப்பீடு போடுவது என் வேலை இல்லை. தோல், மரம், பித்தளை, கண்ணாடி, மணல் ஆகியவைதான் பொருள்கள். 1969-இல் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியத்தைத் தொடங்கியபோது, தொட்டுப் பார்க்கக்கூடிய கருவிகளைத் தன் கூடத்திலேயே, மக்கள் கண்ணெதிரே, மரவேலையும் உலோக வேலையும் செய்து உருவாக்கினார்கள். செய்முறையையும் மறைத்து வைக்கவில்லை, வேறு ஊர்க்காரர்கள் செய்துகொள்ளும்படி அச்சிட்டே கொடுத்தார்கள். நம் ஐடிஐ மாணவர்கள் செய்ய முடியாத வேலை இதில் ஒன்றுமில்லை. ஒரு பெரிய நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, பழுதானால் யாருக்குப் போன் போடுவது என்று தெரியாமல் நிற்பதைவிட, நம் பிள்ளைகள் செய்து நம் பிள்ளைகளே சரிபார்க்கிற ஒன்று நீடிக்கும்.

நான் கேட்பது உடனடி அறிவிப்பு அல்ல. அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு பேசுங்கள். பேசுவதற்கு முன் எங்களுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். தம்பியும் நானும் அந்தப் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வருகிறோம். பலூனை மட்டும் மாற்றியிருக்கிறோம், மற்றதெல்லாம் பழசுதான். முதல் குரலை அவனே கொடுக்கிறேன் என்கிறான், இந்த முறை கதவைச் சாத்தாமல். அதன்பிறகு டப்பா உங்கள் கைக்கு வரும், ஒவ்வொருவரும் ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். மன்றத்தின் விளக்குகளைக் கொஞ்ச நேரம் அணைத்து வைக்க மட்டும் யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உறையூரிலிருந்து ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர், தம்பியோடு